கைமாறும் எண்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தலைமைக்குச் செய்யும் மரியாதை

2019 பருவத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக (எல்எஸ்யூ) அணியில், முன்வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் சென்டராக ஆடிய லாயிட் குஷன்பெரியின் எண் 79. ஆனால் அவர் சட்டையில் 18 என்று போட்ட சின்ன பேட்ச் ஒன்றும் தைக்கப்பட்டிருந்தது. அந்த ஆண்டு அணி அவருக்குத் தந்த மரியாதை உண்மையில் 18 என்ற எண்தான்; நடத்தையில் வழிகாட்டும் வீரருக்கு அந்த அணி தரும் எண் அது. அதை அவரால் முதுகில் போட்டுக்கொள்ள முடியவில்லை, விதி இடம் கொடுக்காது. பந்து ஆட்டத்துக்கு எடுக்கப்படும் நொடியில் தாக்கும் அணியின் முன்வரிசையில் குறைந்தது ஐந்து பேர் 50 முதல் 79 வரையிலான எண்களை அணிந்திருக்க வேண்டும். அவர்கள் முன்னோக்கி வீசும் பந்தைப் பிடிக்கக் கூடாதவர்கள். நடுவரும் எதிரணியும் ஒரே பார்வையில் அவர்களை அடையாளம் காண வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. அதனால் 18-ஐ மார்பிலும் முதுகிலும் பெரிதாகப் போட வழியில்லாமல் பேட்சாகத் தைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பருவத்தில் 18-ஐ முழுதாக அணிந்தவர் தற்காப்பு வீரர் கலாவான் சேய்சன். தற்காப்புக்கு அப்படிப்பட்ட எண் வரம்பு கிடையாது.

ஒரு எண்ணுக்காக ஒரு பெரிய பல்கலைக்கழகம் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறது என்று புரிய, அந்த ஆட்டம் அந்த ஊர்களுக்கு என்னவாக இருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தோடு, தலைக்கவசமும் தோள் கவசமும் மாட்டி ஆடும் அமெரிக்கக் கால்பந்து. ஆடுகிறவர்கள் பெரும்பாலும் 18 முதல் 23 வயதுக்குள் இருக்கும் மாணவர்கள். எல்எஸ்யூவின் டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். மிசிசிப்பி மாநிலத்தில் பெரிய தொழில்முறை லீக் அணி ஒன்றுகூட இல்லை. அங்கே மக்களின் பாசமெல்லாம் கல்லூரி அணிகள்மீதுதான். 20 வயதுப் பையன் ஒருவனை ஊரே தலையில் தூக்கி வைக்கிறது. அந்தப் பாசத்தை எப்படி நல்ல வழியில் திருப்புவது என்ற கேள்விக்கு அந்தக் கல்லூரிகள் கண்டுபிடித்த விடைகளில் மிகச் சிறந்தது, எண்ணைக் கைமாற்றித் தருவது.

எல்எஸ்யூவின் 18 திட்டமிட்டுத் தொடங்கப்பட்டதல்ல. 2003 பருவத்தில் அந்த எண்ணை அணிந்தவர் குவார்ட்டர்பேக் (சென்டரிடமிருந்து பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர்) மேட் மாக். சிகாகோ கப்ஸ் அமைப்பின் கீழ்நிலை அணிகளில் சில ஆண்டுகள் பேஸ்பால் ஆடிவிட்டுத்தான் அவர் கல்லூரிக்கு வந்தார். அதனால் அணியில் மற்றவர்களைவிட வயதில் மூத்தவர், அப்போது 24. 2004 ஜனவரி 4 அன்று ஓக்லஹோமாவை 21-14 என்று வென்று எல்எஸ்யூ தேசியப் பட்டம் பெற்றது. மாக் விலகிய அதே ஆண்டு அணிக்கு வந்த ஜேக்கப் ஹெஸ்டர் 18-ஐ எடுத்துக்கொண்டார். ஹெஸ்டர் மின்னல் வேக ஓட்டக்காரர் அல்ல. இரண்டு யார்டு தேவை என்றால் மூன்று பேரை இழுத்துக்கொண்டே இரண்டு யார்டு எடுத்துத் தருகிற ஆள்.

2007 அக்டோபர் 6 அன்று புளோரிடாவுக்கு எதிராக நடந்த ஆட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். தாக்கும் அணிக்கு 10 யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் கிடைக்கும். நான்காவதிலும் தவறினால் பந்து அந்த இடத்திலேயே எதிரணிக்குப் போய்விடும். அதனால் வழக்கமாக நான்காவது முயற்சியில் பந்தை உதைத்துத் தள்ளிவிடுவார்கள். அன்று எல்எஸ்யூ ஐந்து முறை நான்காவது முயற்சியில் துணிந்து ஆடியது, ஐந்திலும் வென்றது. கடைசி 1 நிமிடம் 9 நொடி இருக்கும்போது வெற்றி டச்டவுனை (எதிரணியின் கோல் கோட்டைப் பந்தோடு தாண்டிப் பெறும் புள்ளிகளை) எடுத்தவர் ஹெஸ்டர். ஆட்டம் 28-24. 2008 ஜனவரியில் ஒஹாயோ ஸ்டேட்டை 38-24 என்று வென்று மறுபடியும் தேசியப் பட்டம். இரண்டு பட்டங்களிலும் அதே எண்.

ஹெஸ்டர் போன பிறகு அந்த எண் டைட் எண்ட் (முன்வரிசை ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) ரிச்சர்ட் டிக்சனுக்குப் போனது. அங்கிருந்துதான் அது மரபானது. பென்னி லோகன், லமின் பாரோ, டெரன்ஸ் மகீ, ட்ரெடேவியஸ் வைட், பாஸ்டர் மோரோ என்று ஆள் மாறிக்கொண்டே வந்தார்கள். இந்தப் பெயர்களை வரிசையாகப் பார்த்தாலே ஒன்று தெரியும்: இவர்கள் ஒரே இடத்தில் ஆடியவர்கள் அல்ல. தடுப்பு வரிசை, லைன்பேக்கர், ஓட்டக்காரர், கார்னர்பேக், டைட் எண்ட் என்று களத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்திருக்கிறார்கள். அதே கல்லூரியில் 7-ஆம் எண்ணுக்கும் ஒரு மரபு உண்டு. பேட்ரிக் பீட்டர்சன், டைரன் மாத்யூ, லெனர்ட் போர்னெட் போல ஆட்டத்தைத் தனியாளாகப் புரட்டிப் போடுகிறவர்களுக்கு அது. 7 திறமைக்கு, 18 நடத்தைக்கு. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் குழப்பாமல் தனித்தனியாக வைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் பலம். குழப்பியிருந்தால் ஒவ்வொரு ஆண்டும் அதிக டச்டவுன் எடுத்தவரே நல்ல தலைவர் என்று ஆகியிருக்கும்.

சரி, இந்த ஆட்டத்தில் தலைமை என்றால் நடைமுறையில் என்ன? கேப்டன் என்ற பதவியின் சட்டப்படியான வேலை மிகக் குறைவு. நாணயம் சுண்டும்போது ஓர் அணிக்கு அதிகபட்சம் நான்கு கேப்டன்கள் களத்தின் நடுவே போகலாம். முடிவைச் சொல்பவர் ஒருவர்தான். எதிரணி தவறு செய்தால் அபராதத்தை ஏற்பதா, விடுவதா என்பதைச் சொல்லும் உரிமையும் கேப்டனுக்கு உண்டு. உண்மையில் அதைப் பயிற்சியாளர் ஓரத்திலிருந்து சைகையால் சொல்லிவிடுவார்.

நிஜ வேலை ஆளில்லாத மணிநேரங்களில் இருக்கிறது. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ விதிப்படி, பருவம் நடக்கும்போது ஒரு மாணவரைப் பயிற்சிக்குக் கட்டாயமாக அழைக்கக்கூடிய நேரம் நாளுக்கு 4 மணி, வாரத்துக்கு 20 மணி. ஆட்ட நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணி என்றே கணக்கு. வாரத்தில் ஒரு நாள் முழு விடுப்பு. கோடையில் இந்த நேரம் இன்னும் சுருங்கிவிடும். ஆனால் 20 மணியில் ஜெயிக்கிற அணி எதுவும் கிடையாது. மீதி நேரத்தில் எதிரணியின் வீடியோவைப் போட்டுப் பார்ப்பது, பயிற்சியாளர் இல்லாமல் ஏழுக்கு ஏழு என்று பிரித்துப் பந்து வீசிப் பழகுவது, முதலாண்டுப் பையன் காலை வகுப்புக்கு எழுந்தானா என்று பார்ப்பது, ராத்திரி தகராறு வளருமுன் ஆளை அறைக்குக் கூட்டி வருவது எல்லாமே வீரர்களே வீரர்களை வைத்து நடத்த வேண்டியவை. யாரும் கட்டாயப்படுத்த முடியாத நேரத்தில் பத்துப் பேரைக் களத்துக்கு வரவழைக்கிறவர் யாரோ, அவர்தான் தலைவர். புள்ளிவிவரத் தாளில் இதற்குக் கட்டமே கிடையாது. அதனால்தான் இதைப் பார்வையாளர் வாக்கெடுப்பில் விட முடியாது. அறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது.

களத்துக்குள்ளும் இப்படி வெளியே கேட்காத வேலை உண்டு. குஷன்பெரி போன்ற சென்டர், பந்தைக் கொடுப்பதற்கு முன் எதிரே நிற்கும் தற்காப்பைப் பார்த்து, யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று தன் பக்கத்து நால்வருக்கும் சத்தம் போட்டுச் சொல்கிறார். சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் குவார்ட்டர்பேக் பார்க்காத பக்கத்திலிருந்து அடி விழும். அந்த அணி 2019 பருவத்தில் 15 ஆட்டமும் வென்றது. 2020 ஜனவரி 13 அன்று கிளம்சனை 42-25 என்று தோற்கடித்துப் பட்டம் பெற்றது. பாராட்டெல்லாம் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கும் பந்து பிடித்தவர்களுக்கும் போனதில் தவறில்லை. அந்த பேட்ச், பந்தையே தொடர்ந்து பார்க்கும் கண்ணுக்குத் தப்பிப்போன ஒருவருக்குப் போனது.

இதற்கு மூத்த மரபு ஒன்று பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. அது வலியிலிருந்து வந்தது. மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை ஓல் மிஸ் என்பார்கள். 1989 அக்டோபர் 28, ஆக்ஸ்போர்டு நகரில் வாண்டர்பில்ட்டுக்கு எதிரான ஆட்டம். ஓல் மிஸ்ஸின் தற்காப்பு வீரர் ராய் லீ மலின்ஸ், எல்லாருக்கும் சக்கி, எண் 38. கோல் கோட்டுக்கு அருகே பந்தைப் பிடிக்கப் போன வாண்டர்பில்ட் வீரர் பிராட் கெய்ன்ஸின் முதுகில் ஓடி வந்து மோதினார். பந்து நழுவியது. மலின்ஸ் எழுந்திருக்கவில்லை. கழுத்தில் நான்கு எலும்புகள் நொறுங்கியிருந்தன. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது.

இந்த மாதிரி அடி எப்படி நேர்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. நிமிர்ந்து நிற்கும்போது கழுத்தெலும்புத் தொடர் லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவும் சுற்றியுள்ள தசைகளும் அதிர்வை வாங்கிக்கொள்ளும். தலையைக் குனிந்தால் வளைவு போய், கழுத்து நேரான கம்பமாகிவிடும். அந்த நிலையில் தலையின் உச்சி எதிலாவது மோதினால், தலை நின்றுவிடும். பின்னாலிருந்து உடல் எடை முழுதும் வந்து நடுவிலிருக்கும் எலும்புகளை நசுக்கும். தலையை முன்வைத்து இடிப்பதை 1976-இலேயே விதி தடை செய்தது. அதற்குப் பிறகு இந்த வகைக் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் தடுக்கும் வேகத்தில் ஒரு கணம் கண் கீழே போனால் விதி வந்து காப்பாற்றாது. "தலையை உயர்த்து, அடிக்கிற ஆளைப் பார்" என்று இன்றும் ஒவ்வொரு பயிற்சியாளரும் கத்துவது இதனால்தான்.

அடுத்த வாரம் அதே மைதானத்தில் எல்எஸ்யூவோடு ஆட்டம். கூட்டத்துக்குள் வாளிகளை நீட்டி மலின்ஸுக்காகப் பணம் திரட்டினார்கள். எதிரணி ரசிகர்களும் போட்டார்கள். அவர் பேரில் தொடங்கிய அறக்கட்டளை நிதி பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அன்றைய மிசிசிப்பியில் இதன் பொருள் சாதாரணமில்லை. 1962-இல் ஜேம்ஸ் மெரடித் என்ற முதல் கறுப்பின மாணவர் சேர வந்தபோது கலவரம் நடந்த வளாகம் அது. 1989-இலும் அந்த மைதானத்தில் ரசிகர்கள் கூட்டமைப்புக் கொடியை, அதாவது உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் கொடியை, ஆட்டிக்கொண்டிருந்தார்கள். கொடிக் கம்பு கொண்டுவரத் தடை வந்ததே 1997-இல்தான். அந்தக் கொடி பறந்த அரங்கமே அலபாமாவின் ரஸல்வில் ஊரிலிருந்து வந்த ஒரு கறுப்பினப் பையனுக்காக வாளியில் காசு போட்டது. ஒரு விளையாட்டு வீரன்மீது ஊர் வைக்கும் பாசம் பழைய பகையைத் தீர்த்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வாரத்தில் அது செய்தது அசலானது. அதைக் குறைத்துச் சொல்வதும் நியாயமில்லை.

டிசம்பர் இறுதியில் மெம்பிஸில் லிபர்ட்டி பௌல் என்ற பருவ இறுதிச் சிறப்பு ஆட்டம். மலின்ஸ் சிகிச்சையில் இருந்ததும் அதே நகரம். உடைமாற்றும் அறைக்கு அவரைக் கொண்டு வந்தார்கள். அணி விமானப்படைக் கல்லூரியை 42-29 என்று வென்றது. பிறகு மலின்ஸ் சக்கர நாற்காலியில் மறுபடி வகுப்புக்கு வந்தார். 1991 மே 6 அன்று, நுரையீரலில் ரத்தம் உறைந்ததால், இறந்தார். வயது 21.

38-ஐ என்ன செய்வது என்பதில் ஓல் மிஸ்ஸின் அனுபவம் படிக்க வேண்டிய ஒன்று. 1990 முதல் ஒவ்வொரு வசந்தகாலப் பயிற்சியின் முடிவிலும் மூத்த தற்காப்பு வீரர் ஒருவருக்குச் சக்கி மலின்ஸ் துணிவு விருதைக் கொடுத்து, வரும் பருவத்தில் அந்த எண்ணை அவர் அணிவார் என்று வைத்தார்கள். 2006-இல் மரியாதை போதவில்லை என்று நினைத்து, எண்ணுக்கு முழு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். இனி யாரும் அணிய மாட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் 38 களத்திலிருந்து மறைந்ததும், "யார் இந்த மலின்ஸ்?" என்று 18 வயதுப் பையன் கேட்க இருந்த முதல் வாய்ப்பும் மறைந்தது. சில ஆண்டுகளில் மனம் மாறி, விருது பெற்றவர் அணியலாம் என்று மீண்டும் திறந்துவிட்டார்கள். 2015-இல் மைக் ஹில்டன் அதை அணிந்து ஆடினார். டி. டி. ஷேக்கிள்ஃபோர்டு விருது பெற்ற கையோடு முழங்கால் காயத்தில் இரண்டு முழுப் பருவங்களை இழந்தார். பிறகு திரும்பி வந்தபோது அவருக்கே இரண்டாம் முறையும் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஒருமுறைதான் என்று கறாராக விதி வைத்திருந்தால் இது நடந்திருக்காது. மைதானத்துக்குள் ஓடும்போது மலின்ஸின் மார்பளவுச் சிலையைக் கையால் தொட்டுவிட்டு ஓடுவது இன்னும் வழக்கம். 2014-இல் வளாகத்துச் சாலை ஒன்றுக்கும் அவர் பெயர் வைத்தார்கள்.

எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதில் கணக்குச் சிக்கலும் உண்டு. 0 முதல் 99 வரை மொத்தம் நூறு எண்கள். அதிலும் 0 அனுமதிக்கப்பட்டது 2020-இல்தான். இன்றைய அணியில் 105 பேர் வரை இருக்கலாம். ஒரே எண்ணை இருவர் அணியலாம், ஆனால் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கக் கூடாது. 50 முதல் 79 வரை பெரும்பாலும் முன்வரிசைக்கே போய்விடும். ஆக, ஒவ்வொரு தலைமுறையும் இரண்டு மூன்று எண்களை எடுத்துவைத்தால் அம்பது ஆண்டில் ஆடுகிறவர்களுக்கு எண் கிடைக்காது. மிச்சிகன் பல்கலைக்கழகம் இதற்கு மாற்றாக 2011-இல், டெஸ்மண்ட் ஹோவர்டின் 21-இல் தொடங்கி, பழைய பெரும் வீரர்களின் எண்களைப் பேட்சோடு இன்றைய வீரர்களுக்குத் தந்தது. 2015-இல் அதை நிறுத்தியும் விட்டது. திறமையான ஆளுக்குப் பருவ நடுவில்கூட எண்ணை மாற்றிக் கொடுத்ததும், குறுகிய காலத்தில் நிறைய எண்களைச் சேர்த்ததும் அதன் பலவீனம் என்பது என் கருத்து. மரபு ஊறுவதற்கு நாள் பிடிக்கும். அவசரமாகப் பத்து மரபு தொடங்க முடியாது.

உயிரோடு இருப்பவருக்குக் கல்லிலும் வெண்கலத்திலும் மரியாதை செய்தால் வேறொரு ஆபத்து. எல்எஸ்யூவின் பில்லி கேனன் 1959 அக்டோபர் 31 இரவு, ஓல் மிஸ் உதைத்த பந்தைப் பிடித்து 89 யார்டு ஓடி 7-3 என்று ஆட்டத்தை மாற்றினார். அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையும் அவருக்கே. அவருடைய 20-க்கு ஓய்வு கொடுத்தார்கள். 1983-இல் கள்ளநோட்டு வழக்கில் அவர் சிறை போனார். அந்த ஆண்டு கல்லூரிக் கால்பந்துப் புகழ் மன்றம் கொடுக்க இருந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 2008-இல்தான் சேர்த்தது. பிற்காலத்தில் அவர் லூசியானாவின் அங்கோலா சிறையில் கைதிகளுக்குப் பல் மருத்துவம் பார்த்தார். நல்ல பேரோடு அதைச் செய்தார். 2018 மே மாதம் இறந்தார். செப்டம்பரில் மைதானத்தருகே சிலை திறந்தார்கள். கேனனுக்கு அந்தச் சிலை பொருந்தும். ஆனால் இடையில் கழிந்த 35 ஆண்டுகள், ஆட்டத்துக்கான புகழையும் மனிதனுக்கான மதிப்பையும் ஒன்றாகக் கட்டினால் ஒன்று விழும்போது மற்றதும் ஆடும் என்பதைக் காட்டுகின்றன. கைமாறும் எண்ணில் இந்தச் சுமை குறைவு. ஒருவர் தவறினால் அந்த ஒரு பருவம் கெடும். எண் அடுத்தவரிடம் போய்ச் சேரும்.

புளோரிடாவின் டிம் டீபோ இன்னொரு வகை. 2008 செப்டம்பர் 27 அன்று சொந்த மைதானத்தில் ஓல் மிஸ்ஸிடம் 31-30 என்று தோற்ற பிறகு, செய்தியாளர்கள் முன் கண் கலங்கி மன்னிப்புக் கேட்டார். மீதிப் பருவத்தில் தன்னைவிடக் கடுமையாக உழைக்கும் வீரனை யாரும் பார்க்கப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அந்தப் பருவத்தில் அணி அதற்குப் பிறகு ஓர் ஆட்டமும் தோற்கவில்லை; 2009 ஜனவரி 8 அன்று ஓக்லஹோமாவை 24-14 என்று வென்று பட்டம் பெற்றது. அவர் இன்னும் மாணவராக ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சொற்களைப் பலகையில் பொறித்து மைதானக் கட்டடத்தில் பதித்தார்கள். தோல்விக்குப் பொறுப்பேற்பது தலைமையின் மிகக் கடினமான பகுதி. அதைக் கௌரவித்தது சரி. ஆனால் இருபத்தோரு வயதுக்காரர் தன் சொற்களைத் தாங்கிய சுவரைக் கடந்து பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. 2009 டிசம்பரில், அடுத்த பருவத்தின் இறுதியில், அலபாமாவிடம் 32-13 என்று தோற்றபோது அவர் ஓரத்தில் அழுததைத் தொலைக்காட்சி விடாமல் காட்டியது. ஓர் ஆண்டு பொறுத்திருந்து, அவர் பட்டம் வாங்கிப் போனபின் பதித்திருக்கலாம்.

இப்போது கைமாறும் மரபுக்கே புதுச் சோதனை வந்திருக்கிறது. 2018-இல் இடமாற்றப் பதிவு முறை வந்தது. 2021-இலிருந்து ஓராண்டு வெளியே உட்காராமல் வேறு கல்லூரிக்கு மாறலாம். அதே ஆண்டு ஜூலை 1 முதல் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கவும் உரிமை கிடைத்தது. நான்கு ஆண்டு ஒரே இடத்தில் ஊறிய ஆள்தான் தலைவர் என்று நினைத்த அணிகளுக்கு இது சங்கடம். 2023-இல் எல்எஸ்யூவின் 18-ஐ அணிந்தவர் மெகாய் விங்கோ. மிசௌரி பல்கலைக்கழகத்திலிருந்து அதற்கு முந்தைய ஆண்டுதான் மாறி வந்தவர். அறைக்குள் இருந்தவர்கள் அவர் எத்தனை ஆண்டு இருந்தார் என்று எண்ணவில்லை. வந்த நாளிலிருந்து எப்படி இருந்தார் என்று பார்த்தார்கள்.

பிராட் கெய்ன்ஸ் வாண்டர்பில்ட் வீரர். 38-ஐ ஒருநாளும் அணியாதவர். ஆண்டுக்கு மூன்று முறை, அக்டோபர் 28, மே 6, கிறிஸ்துமஸ் காலம், ரஸல்வில்லுக்குக் காரோட்டிப் போய் மலின்ஸின் கல்லறையைத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு வருவதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறார்.